எஸ்ஐஆர்-டியூபுலின் சாயம்: இரண்டு வருஷம் பயன்படுத்திய அனுபவம்

உயிருள்ள செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களை ஒளிரவைத்துக் காட்டும் சாயம் இது. குப்பியைத் திறந்ததும் காலி என்று நினைத்துவிடாதீர்கள். அடியில் லேசாக நீலம் பாய்ந்த ஒரு மெல்லிய கறை தெரியும். சரக்கே அவ்வளவுதான், 50 நானோமோல். திறப்பதற்கு முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று சுற்றிக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். பொடி மூடியில் ஒட்டியிருந்தால் பணம் மூடியோடு போய்விடும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை 50 மைக்ரோலிட்டர் விட்டுக் கரைத்தால் 1 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். நான் அதை ஐந்து மைக்ரோலிட்டராகப் பிரித்து, அலுமினியத் தாளில் சுற்றி, மைனஸ் 20 ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் ஆகிறது. கடைசியாக எடுத்த குழாயும் முதல் குழாய் மாதிரியே ஒளிர்ந்தது.

நான் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் ஐந்தாம் வருஷ ஆய்வு மாணவி. 18 நாள் எலிக்கருவின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியிலிருந்து நியூரான்களை, அதாவது நரம்புச் செல்களைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பதும், வளர்வதைப் படம் பிடிப்பதும்தான் என் வேலை. இந்தச் சாயத்தை வாங்கலாமா என்று எங்கள் பக்கத்து ஆய்வகங்களிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன். சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் நாங்கள் தமிழில்தான் பேசிக்கொள்கிறோம்; எழுதும்போது மட்டும் ஏன் வேறு மொழிக்குப் போக வேண்டும்?

முதலில், எதைப் பார்க்க இந்தச் சாயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தட்டில் விட்ட நியூரான் முதல் சில மணி நேரம் வெறும் உருண்டை. அரை நாளில் நாலைந்து குட்டைக் கைகள் நீட்டும். எல்லாக் கைகளும் ஒரே நீளம், ஒரே தடிமன்; எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. ஏறக்குறைய ஒன்றரை நாளில் அவற்றில் ஒன்று மட்டும் விடுபட்டு ஓட ஆரம்பிக்கும். அதுதான் ஆக்ஸான், செய்தியை வெளியே அனுப்பும் கை. மற்றவை காத்திருந்து, நாலாம் நாள் வாக்கில் செய்தியை வாங்கும் டென்ட்ரைட்டுகளாக வளரும். கார்லோஸ் டோட்டியும் கேரி பேங்கரும் 1988-ல் இதை ஐந்து நிலைகளாகப் பிரித்து எழுதிய கட்டுரையை இன்றைக்கும் நாங்கள் நாள்காட்டி மாதிரிதான் வைத்துக்கொள்கிறோம்.

அந்த ஒரு கை ஏன் விடுபட்டது என்பதற்கான விடையில் பெரும்பங்கு செல்லுக்குள் இருக்கும் எலும்புக்கூட்டில் இருக்கிறது. மைக்ரோடியூபியூல் என்ற 25 நானோமீட்டர் குறுக்களவுள்ள குழல்கள் அவை. டியூபுலின் என்ற புரதத்தை அடுக்கி அடுக்கிக் கட்டியவை. ஒவ்வொரு குழலுக்கும் அடி உண்டு, குருத்து உண்டு. குருத்துப் பக்கம் வேகமாக வளரும், சட்டென்று உதிரும், மறுபடி வளரும். பொங்கலுக்கு வாங்கும் கரும்புக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தோகையெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி கட்டியிருந்தால் அது ஆக்ஸான்: குருத்து முனைகள் எல்லாம் செல்லை விட்டு வெளிப்பக்கம் பார்த்தே இருக்கும். பாதிக் கரும்பைத் தலைகீழாகத் திருப்பிச் சொருகிக் கட்டினால் அது டென்ட்ரைட். பீட்டர் பாஸும் பேங்கரும் சேர்ந்து இதைக் காட்டியதும் அதே 1988-ல்தான். சரக்கு சுமக்கும் மோட்டார் புரதங்கள் இந்தத் திசையைப் பார்த்துத்தான் நடக்கின்றன. கினசின்-1 குருத்தை நோக்கிப் போகும், டைனீன் அடியை நோக்கிப் போகும். ஆகவே எந்தச் சரக்கு எந்தக் கைக்குப் போகும் என்பதைக் கட்டு கட்டிய விதமே பாதி தீர்மானித்துவிடுகிறது. மனித உடலில் முதுகுத்தண்டிலிருந்து கால் வரை ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடுகிற ஆக்ஸான்கள் இருக்கின்றன. ஆயுள் முழுக்க அந்த ஏற்பாடு குலையாமல் இருக்கிறது என்பது எனக்கு இன்னும் பிரமிப்பு.

இனிச் சாயத்துக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் காய் யோன்சன் குழு 2014-ல் வெளியிட்டது. இரண்டு துண்டுகளை இணைத்துச் செய்தது. ஒரு துண்டு, சிலிக்கான் சேர்த்த ரோடமின் என்ற ஒளிரும் சாயம். வெறுமனே மிதக்கும்போது மூடிக்கொண்டு ஒளிராமல் இருக்கும், இலக்கில் போய் ஒட்டியதும் திறந்து சிவப்பில் ஒளிரும். இன்னொரு துண்டு, அதைக் குழலுக்குக் கூட்டிப் போகும் டாசிடாக்சல். இந்த இரண்டாவது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விமர்சனமே அதைப் பற்றித்தான்.

நல்லதை முதலில் சொல்கிறேன். செல்லுக்குள் எந்த ஜீனையும் புகுத்த வேண்டாம். ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டிய டியூபுலினை நியூரானுக்குள் விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தட்டில் நூற்றில் சில செல்கள்தான் வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டதிலும் சில அதிகமாக வாங்கி வீங்கிப்போய் நிற்கும். இதில் அப்படியில்லை. செல் வளரும் மீடியத்தில் கலந்து, இன்குபேட்டரில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் தட்டிலுள்ள எல்லாச் செல்லும் ஒளிரும். 650 நானோமீட்டர் வாக்கில் ஒளியை வாங்கி 670 வாக்கில் திருப்பித் தருவதால், நீல லேசர் அடித்தால் ஒரு மணி நேரத்தில் மணிமணியாகச் சுருங்கிவிடுகிற என் நியூரான்கள் இந்தச் சிவப்பு லேசரில் ராத்திரி முழுக்கத் தாங்கின. பச்சையும் ஆரஞ்சும் வேறு புரதங்களுக்குக் காலியாகக் கிடைக்கின்றன. மிச்சச் சாயம் ஒளிராது என்பதால் கழுவக்கூட வேண்டாம். கழுவும்போது உரிந்துபோகிற நியூரான்களை நினைத்தால் இதுவே பெரிய விஷயம்.

முதல் தடவை பார்த்த செல் இன்னும் கண்ணில் இருக்கிறது. பத்தாம் நாள் வளர்ப்பு. செல் உடலிலிருந்து தடித்த டென்ட்ரைட்டுகள் ஐந்து கிளம்பின. ஒவ்வொன்றின் அடியிலும் குழல்கள் விசிறி மடிப்பு மாதிரிப் பரந்து, கிளை பிரியும் இடத்தில் கட்டும் பிரிந்து, இரண்டு பக்கமும் ஒழுங்காக இறங்கிப் போயின. ஓரமாக, ஒல்லியாக, ஒன்று மட்டும் வேறு மாதிரி. செல்லை விட்டு வந்த உடனே குழல்கள் நெருங்கிக் கூடி ஒற்றைக் கயிறாகி, அதே தடிமனில் படத்தின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. மைக்ரோஸ்கோப்பின் மேடையை நகர்த்தினேன். அடுத்த சட்டத்திலும் அது ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்ததிலும். ஆறு சட்டம் நகர்த்திய பிறகுதான் இன்னொரு ஆக்ஸானோடு பின்னிக்கொண்டு கண்ணுக்குத் தப்பியது. பாடத்தில் படித்ததை உயிரோடு முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நேரம் ராத்திரி பன்னிரண்டரை. கீழே டீக்கடை மூடியிருந்தது, அது ஒன்றுதான் குறை.

எவ்வளவு போட வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கையேடு 1 மைக்ரோமோலாரில் தொடங்கச் சொல்கிறது, நீண்ட நேரப் படத்துக்குக் குறைக்கச் சொல்கிறது. நியூரானுக்கு 1 மைக்ரோமோலார் தேவையே இல்லை. என் அளவு 50 நானோமோலார், இரண்டு மணி நேரம். மாதிரி மங்கலாகத் தெரிந்தால் நேரத்தைக் கூட்டுங்கள், அளவைக் கூட்டாதீர்கள். பெட்டியோடு வெராபமில் என்று ஒரு சின்னக் குப்பியும் வரும். சில செல்கள் சாயத்தை உள்ளே வாங்கி உடனே வெளியே தள்ளிவிடும், அந்தப் பம்புகளை அடைக்க அது. நியூரான்காரர்கள் அதைத் தொடாதீர்கள் என்பேன். வெராபமில் ரத்தக் கொதிப்புக்கும் இதயத் துடிப்புக்கும் தருகிற மாத்திரை. அது அடைப்பது கால்சியம் வழிகளை. கால்சியத்தை வைத்துப் பிழைக்கிற செல்லுக்கு அதைக் கொடுத்துவிட்டு, இயல்பாக இருக்கிறது என்று எப்படி எழுதுவது? அது இல்லாமலே எனக்குச் சாயம் நன்றாக ஏறியது.

இனி என் தவறு. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பத்தாம் நாள் செல்கள் அவ்வளவு அழகாக வந்ததும், அடுத்த வாரமே என் உண்மையான கேள்விக்கு இதைக் கொண்டுபோனேன். முதல் நாள் வளர்ப்பு, எல்லாக் கைகளும் ஒரே மாதிரி இருக்கிற கட்டம். எந்தக் கையில் குழல்கள் முதலில் திரள்கின்றன என்று தொடர்ந்து பார்த்தால் ஆக்ஸான் பிறக்கிற நேரத்தைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். படம் பளிச்சென்று வரட்டும் என்று 300 நானோமோலார் போட்டேன். எடுக்கவும் இல்லை, இரண்டு நாள் மீடியத்திலேயே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் செல்லுக்கு ஒரு நீண்ட கை இல்லை. சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் மூன்று, ஒன்றில் நாலு. செல்களை ஃபிக்ஸ் பண்ணி, அதாவது இருந்தபடியே நிலைநிறுத்தி, குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் டாவ்-1 ஆன்டிபாடி போட்டேன். ஆக்ஸானில் மட்டும் ஏற வேண்டியது அது; எல்லா நீண்ட கையிலும் ஏறியிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் காலையில் பக்கத்து இன்குபேட்டர் தட்டிலிருந்த டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட செல்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆக்ஸான், ஒழுங்காக. அப்போதுதான் டாசிடாக்சல் என்ற வார்த்தை மண்டையில் இடித்தது.

டாசிடாக்சலும் அதன் அண்ணன் டாக்ஸாலும் மைக்ரோடியூபியூல் உதிராமல் பிடித்துக்கொள்கிற மருந்துகள். யூ என்ற மரத்திலிருந்து வந்தவை. டாக்ஸால் பசிபிக் யூவின் பட்டையிலிருந்து, டாசிடாக்சல் ஐரோப்பிய யூவின் இலையிலிருந்து எடுத்த பொருளை மாற்றிச் செய்தது. 2008-ல் மியூனிக் பக்கம் ஃபிராங்க் பிராட்கே குழு காட்டியது இதுதான்: ஆக்ஸான் ஆகப் போகிற கையில், அது நீள ஆரம்பிப்பதற்கு முன்பே, குழல்கள் மற்றக் கைகளைவிட உறுதியாக இருக்கின்றன. அந்தத் தட்டில் மிகக் குறைந்த அளவு டாக்ஸால் விட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் ஆக்ஸான் ஆகிவிடுகின்றன. ஒளி பட்டால் மட்டும் வேலை செய்யும்படி பூட்டிவைத்த டாக்ஸாலை ஒரே ஒரு கையில் ஒளியடித்துத் திறந்தபோது, அந்தக் கையே ஆக்ஸான் ஆனது. உறுதிதான் தீர்ப்பு. நான் அந்த உறுதியை எல்லாக் கைக்கும் ஊற்றிவிட்டு, எது ஜெயிக்கும் என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாடி பார்க்கிறவர் விரலை அழுத்திவிட்டால் நாடி நின்றுபோகும். மென்மையாக வைக்கத் தெரிந்தவருக்குத்தான் அது பேசும். இந்தச் சாயமும் அப்படித்தான். அதைப் பழிக்கவில்லை, கையேட்டிலேயே டாசிடாக்சல் என்று எழுதியிருக்கிறது. நான்தான் படித்துவிட்டு யோசிக்காமல் விட்டேன். ஆனால் அந்த ஒரு மாதத்தை இன்னொரு மாணவர் இழக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய்க்காக இதே டாசிடாக்சலை ஏற்றினார்கள். நாலாவது சுற்றுக்குப் பிறகு விரல் நுனி மரத்துப்போனது என்றார். ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியவில்லை, "விரலுக்கு மேல இன்னொரு தோல் போட்ட மாதிரி இருக்கு கண்ணு" என்றார். பிரிகிற செல்லைப் பிரியவிடாமல் நிறுத்துவதற்குத் தருகிற மருந்து, பிரியவே பிரியாத நரம்பிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. உடம்பிலேயே நீளமான ஆக்ஸான்கள்தான் கைவிரலுக்கும் கால்விரலுக்கும் போகின்றன. மரப்பும் அங்கேதான் தொடங்குகிறது. நான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற அதே கயிறு அது. அத்தை இப்போது நன்றாக இருக்கிறார், பூத்தொடுக்கிறார். இந்தக் குப்பியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவர் விரல் நினைவுக்கு வரும். அதனால்தானோ என்னவோ அளவு விஷயத்தில் நான் இவ்வளவு கறாராகிவிட்டேன். அதே வகை மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால், அடிபட்ட முதுகுத்தண்டில் ஆக்ஸான் மறுபடி வளர உதவுகிறது என்று எலிகளில் 2011-ல் காட்டியிருப்பதும் எனக்கு அத்தையோடு சேர்ந்தே நினைவுக்கு வரும்.

சாயத்தால் முடியாதது என்னவென்றால், திசை. குழல் எங்கே இருக்கிறது என்று காட்டும், எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று காட்டாது. கரும்புக் கட்டு தெரியும், தோகை தெரியாது. அதற்கு இபி3 என்ற புரதத்தில் ஒளி ஒட்டி விட வேண்டும். வளர்கிற குருத்து முனையில் மட்டும் உட்கார்ந்து வால்நட்சத்திரம் மாதிரி ஊர்ந்து போகும். ஆக்ஸானில் எல்லாம் ஒரே பக்கம் ஓடும், டென்ட்ரைட்டில் எதிரும் புதிருமாக ஓடும். பத்து நிமிஷம் பார்த்தாலே எது எதுவென்று விளங்கிவிடும். இரண்டையும் ஒரே தட்டில் போடாதீர்கள். சாயம் குழலைப் பிடித்துவைக்கும், வால்நட்சத்திரங்கள் குறைந்துபோகும். என் தட்டில் குறைந்தன.

ஆக்ஸான் தொடங்குகிற வாசலையும் இது தனியாகக் காட்டாது. செல் உடலுக்கு அடுத்த 20 முதல் 60 மைக்ரோமீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டில்தான் அங்கிரின்-ஜி என்ற பெரிய புரதம் சோடியம் வழிகளையும் ஸ்பெக்ட்ரின் என்ற இன்னொரு புரதத்தையும் அடிக்கூட்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது. நரம்புத் துடிப்பு கிளம்புவதும் அங்கிருந்துதான். ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தால் போதாது, காவலும் போட வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்த இடம் அதுதான். நன்றாக முதிர்ந்த நியூரானிலிருந்து அங்கிரின்-ஜியை எடுத்துவிட்டால், ஆக்ஸானாக இருந்த கையில் டென்ட்ரைட்டின் புரதங்கள் நுழைந்து, முள்முள்ளாக ஸ்பைன்கூட முளைக்கிறது என்று 2008-ல் மாத்யூ ராஸ்பாண்ட் குழு காட்டியது. வாசலைப் பார்க்க நான் கட்டம் போட்ட தட்டில் செல்லின் இடத்தைக் குறித்துக்கொண்டு, சாயப்படம் முடிந்ததும் ஃபிக்ஸ் பண்ணி அங்கிரின்-ஜி ஆன்டிபாடி போடுகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் சந்தேகம் மிச்சமிருக்காது.

இதன் தங்கை, ஆக்டின் என்ற இன்னொரு எலும்புக்கூட்டுப் புரதத்துக்கான எஸ்ஐஆர்-ஆக்டின், சுருக்கமாகச் சொன்னால் அருமை. ஆக்ஸானின் தோலுக்கு அடியில் 180 முதல் 190 நானோமீட்டருக்கு ஒன்றாக ஆக்டின் வளையங்கள் ஏணிப்படி மாதிரி அடுக்கியிருப்பதை 2013-ல் ஷியாவ்வெய் ஜுவாங் குழு கண்டது. உயிருள்ள நியூரானில் அதை ஸ்டெட் என்ற மிக நுணுக்கமான மைக்ரோஸ்கோப்பில் பார்க்க இந்தச் சாயம் உதவுகிறது. சாதாரண கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் படி தெரியாது, வெறும் மங்கல் கோடுதான், அதற்காக வாங்காதீர்கள். இதையும் ஆக்டினைப் பிடித்து வைக்கிற ஒரு பொருளை வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆக்ஸான் ஆகப் போகிற கையின் நுனியில் ஆக்டின் தளர்ந்துதான் குழல்களுக்கு வழி விடுகிறது என்பதால், முதல் நாள் செல்லுக்கு மேலே சொன்ன எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

விலை உறுத்தும். எங்களுக்கு வந்து சேர்ந்தபோது என் ஒரு மாத உதவித்தொகையைத் தாண்டியிருந்தது. ஆனால் கணக்குப் போடுங்கள்: ஒரு மில்லிலிட்டர் தட்டுக்கு 50 நானோமோலார் என்றால் ஒரு குப்பியில் ஆயிரம் தட்டு வரும். மூன்று ஆய்வகம் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் யாருக்கும் சுமை இல்லை. நாங்கள் வாங்கிய விநியோகஸ்தர் இரண்டு வாரம் என்று சொல்லி ஏழு வாரம் ஆக்கினார், இடையில் மூன்று மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. எலிக்கரு தேதியைச் சரக்கு கைக்கு வந்த பிறகு குறியுங்கள். நான் முன்கூட்டிக் குறித்து ஒரு வளர்ப்பை வீணாக்கினேன், அந்த எலிகளுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

மதிப்பெண் கேட்டால், ஏழாம் நாளைத் தாண்டிய நியூரானில் கட்டமைப்பைப் பார்க்க ஐந்துக்கு நாலரை. அரையைக் குறைத்தது திசை தெரியாததற்காக. முதல் மூன்று நாளில், யார் ஆக்ஸான் ஆகிறார் என்ற கேள்விக்கு, ஒன்றுகூடத் தர மாட்டேன். அங்கே அசிட்டைல் ஏறிய டியூபுலினுக்கும் டைரோசின் உள்ள டியூபுலினுக்கும் ஆன்டிபாடி போட்டு, நேரத்துக்கு நேரம் வெவ்வேறு தட்டை ஃபிக்ஸ் பண்ணிப் பாருங்கள். பழைய குழல், புதுக் குழல் இரண்டும் பிரிந்து தெரியும். படம் ஓடாது, ஆனால் பொய் சொல்லாது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

எங்கள் ஃப்ரீசரில் இன்னும் ஆறு குழாய் இருக்கிறது. அடுத்த வருஷம் நான் கிளம்பிவிடுவேன். புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவன் ஆக்ஸான் பிறப்பில்தான் வேலை செய்யப் போகிறான். பெட்டி மூடியில் மார்க்கரால் எழுதி, மேலே டேப் ஒட்டியிருக்கிறேன் (டிஐவி என்றால் தட்டில் வளர்ந்த நாள்): "உள்ளே இருப்பது டாசிடாக்சல். டிஐவி 7-க்கு முன்னால் போடாதே. 50-க்கு மேல் போகாதே. டிஎம்எஸ்ஓ தட்டை முதலில் பார்."